மெமுவார்ஸ் ஆஃப் எ கெய்ஷா: கண்ணுக்கு விருந்து, கலைக்குப் பட்டினி

ராப் மார்ஷல் இயக்கிய இந்தப் படம் 2005-ல் வந்தது. ஓடும் நேரம் 145 நிமிடம். ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு என மூன்று ஆஸ்கர் வாங்கியது. மூன்றுமே பார்வைக்குக் கிடைத்த விருதுகள். படத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது, பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது.

மீனவக் கிராமத்துச் சிறுமி சியோ, ஜப்பானின் கியோட்டோவில் கெய்ஷாக்கள், அதாவது ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் பெண்கள், வசிக்கும் ஒக்கியா என்ற இல்லம் ஒன்றுக்கு விற்கப்படுகிறாள். அங்கே வேலைக்காரியாகக் கிடந்து, பிறகு சயூரி என்ற பெயரில் கெய்ஷா ஆகிறாள். முதல் ஒரு மணி நேரம் அபாரம். மழை, விளக்கு, மரச்சட்டங்களின் நிழல் என டியான் பீபியின் கேமரா அந்தச் சந்துகளில் நம்மையும் நடக்க விடுகிறது. தெருவின் பெரும்பகுதி கலிபோர்னியாவில் போட்ட செட் என்பதே தெரியாது.

பாலத்தடியில் அழுதுகொண்டிருக்கும் சிறுமிக்குப் பெரிய மனிதர் ஒருவர் சிரப் ஊற்றிய ஐஸ் வாங்கித் தருகிறார். கைக்குட்டையில் காசும் தருகிறார். அந்தக் காசு சோறாகாமல் கோயில் காணிக்கையாகிறது. அதைப் போட அவள் தோரி என்ற செந்நிறக் கோயில் வாயில்களின் வரிசைக்குள் ஓடுகிறாள். சிறுமியாக நடித்த சுசுகா ஓகோ அந்த ஓட்டத்திலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்.

நடிப்பில் முதலிடம் கோங் லீக்கு. அதே ஒக்கியாவின் கெய்ஷாவாக வரும் அவருடைய ஹாட்சுமோமோ வெறும் வில்லி அல்ல. காதலிக்க உரிமையில்லாத தொழிலில் மாட்டிக்கொண்டவள். தீப்பிடிக்கும் காட்சியில் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். சயூரிக்குப் பயிற்சி தரும் கெய்ஷாவான மிஷெல் யோவின் மமேஹா நிதானம். சயூரியாக வரும் ஜாங் ஸியிக்கு ஆங்கில வசனம் பாரமாக இருக்கிறது. பேசாத இடங்களில்தான் மிளிர்கிறார். சீன நடிகைகள் ஜப்பானியப் பெண்களாக நடித்தது இரு நாட்டிலும் சர்ச்சையானது, சீனாவில் படம் திரைக்கே வரவில்லை. ஜான் வில்லியம்ஸ் இசையில் யோ யோ மாவின் செல்லோவும் இட்சாக் பெர்ல்மனின் வயலினும் வருகின்றன. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

இனி குறை. கெய்ஷா என்ற சொல்லுக்கே கலைஞர் என்றுதான் பொருள். கியோட்டோவில் பயிற்சிக்காலப் பெண்ணை மைக்கோ என்பார்கள், தேறியவரை கெய்கோ என்பார்கள். மைக்கோவின் கொண்டை அவளுடைய சொந்த முடி. மெழுகு தடவி இழுத்துக் கட்டுவார்கள். அது கலையக் கூடாது என்பதற்காக உயரமான தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்க வேண்டும். இழுத்து இழுத்து உச்சியில் வழுக்கை விழுந்தவர்களும் உண்டு. படத்திலோ கூந்தல் அவிழ்ந்து காற்றில் பறக்கிறது. மைக்கோவின் ஓபி என்ற இடுப்புப் பட்டை ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், நுனி கணுக்கால் வரை தொங்கும், அதில் ஒக்கியாவின் சின்னம் இருக்கும். அதை இறுக்கிக் கட்ட ஆண்பிள்ளை பலம் வேண்டும் என்பதால் ஒட்டோகோஷி என்று தனி ஆளே உண்டு. கிமோனோ கட்டும்போது இடுப்பில் துணி வைத்து உடலை நேர் உருளையாக்குவார்கள். இங்கே இடை தெரியும்படி ஒட்டக் கட்டியிருக்கிறார்கள். சிவப்புக் கழுத்துப்பட்டை வெள்ளையாக மாறும் நாள்தான் மைக்கோ கெய்கோ ஆகும் நாள். ஆண்டுக்கணக்கான அந்தப் பயிற்சியைப் படம் சில நிமிடத் துண்டுக் காட்சிகளில் முடித்துவிடுகிறது.

என்னால் ஏற்கவே முடியாதது சயூரியின் தனி நடனம். உயரமான கட்டைச் செருப்பு, நீல ஒளி, காகிதப் பனி, அவிழ்ந்த கூந்தல். மேடைக்காட்சியாக அழகுதான். ஆனால் கியோட்டோவின் கியோன் பகுதியில் ஆடும் இனோவே நடன மரபு நேர் எதிர்: முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, முகத்தில் சலனமில்லாமல், விசிறியின் ஒரு சாய்வில் உணர்ச்சியைச் சொல்வது. பெரிதாகக் காட்டுவதை விட அடக்கிக் காட்டுவதுதான் கடினம். அந்தக் கடினத்தைத்தான் படம் விட்டுவிட்டது.

கன்னிமையை ஏலம் விடும் பகுதியையும் வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997-ல் வந்த மூல நாவலுக்காக ஆர்தர் கோல்டன் பேட்டி கண்ட முன்னாள் கெய்கோ மினேகோ இவாசாகி, தன் வாழ்க்கை திரிக்கப்பட்டது என்று 2001-ல் வழக்குப் போட்டார். 2003-ல் சமரசம் ஆனது. தன் வாழ்க்கையை அவரே எழுதிய புத்தகமும் உண்டு. படத்தை விரும்பியவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

போர்க்காலத்துக்குப் பிறகு கதை தளர்கிறது. 1944-ல் கெய்ஷா பகுதிகள் மூடப்பட்டது பெரிய உடைவு. அதை வேகமாகக் கடந்து காதல் கதைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பார்ப்பவர்களுக்கு: இரவுக் காட்சிகள் அதிகம், அதனால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். டிவியில் ‘விவிட்’ மோடு வேண்டாம். சிவப்பு பிதுங்கி, நிழலில் இருக்கும் நுணுக்கம் தொலைந்துபோகும். ‘சினிமா’ மோடு வைத்து மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். கிமோனோவைப் பலவந்தமாக அவிழ்க்கும் காட்சி ஒன்று உண்டு, சிறு பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். படம் முடிந்த சூட்டோடு மியாகோ ஒடோரியின் பதிவு ஒன்றைத் தேடிப் பாருங்கள். 1872-ல் கியோட்டோவில் தொடங்கிய நடன விழா, ஏப்ரலில் நடக்கும். விசிறி பிடித்த மணிக்கட்டையும் பாதத்தையும் கவனியுங்கள்.