விரிடியா, சூடோமோனாஸா: எந்த வயலுக்கு எது?

பயிர் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்களான விரிடி, சூடோமோனாஸ் இரண்டும் கடையில் ஒரே அளவு பொட்டலத்தில், டால்க் பொடியில் கலந்துதான் கிடைக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் "ரெண்டுல ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. டிரைக்கோடெர்மா விரிடி ஒரு பூஞ்சை, சூடோமோனாஸ் புளோரசன்ஸ் ஒரு பாக்டீரியா. பயிரைக் காக்கும் வழி, பிடித்த மண், ஒத்துவராத மருந்து என்று எல்லாமே இரண்டுக்கும் வேறு.

விரிடி ஒரு வேட்டைக்காரன். நாற்றழுகல், வேரழுகல் உண்டாக்கும் பூசணத்தின் இழையைத் தேடிப் போய், கொடி கொம்பைச் சுற்றுவது போல அதைச் சுற்றிக்கொள்ளும். பிறகு கைட்டினேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைத்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். ரிச்சர்டு வெயிண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932-லேயே இதை எழுதிவிட்டார். ஆக, சண்டை நடக்கும் இடம் மண். நிலக்கடலை வேரழுகல், பயறு வகைகளின் வேரழுகல், மிளகாய் நாற்றழுகல், மஞ்சள் கிழங்கழுகல் என்று மண்ணிலிருந்து வரும் தொல்லைக்கு நான் முதலில் கை வைப்பது விரிடியில்தான். விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 4 கிராம் போதும்.

ஆனால் அதற்குச் சாப்பாடு வேண்டும். மக்கு இல்லாத வெறும் மண்ணில் தூவினால் அது பிழைத்துப் பெருகுவது கடினம். ஹெக்டேருக்கு 2.5 கிலோ என்று எடுத்து, 50 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து, நிழலில் ஈரம் காயாமல் மூடி வைத்து, நடுநடுவே கிளறிவிட்டு, இரண்டு வாரம் கழித்து இடுங்கள். பொட்டலத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு பெருகித்தான் வயலுக்குப் போகும். கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ள மண் இதற்குத் தோது. களர் மண்ணில் சுணங்கும்.

சூடோமோனாஸ் வேர் ஓரத்தில் குடியேறி, வருகிற எதிரிக்கு இடமும் சாப்பாடும் இல்லாமல் செய்துவிடும். மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் கரைந்த நிலையில் கிடைப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் பிடித்து இழுக்க, பயோவெர்டின் என்ற மஞ்சள் கலந்த பச்சைப் பொருளை இது சுரக்கிறது. புற ஊதா ஒளியில் அது மினுங்குவதால்தான் 'புளோரசன்ஸ்' என்ற பெயர். இரும்பு கிடைக்காத நோய்ப் பூசணம் வளர முடியாமல் திணறும். சில ரகங்கள் பூசணத்தைக் கொல்லும் நச்சுப்பொருளையும் சேர்த்தே சுரக்கின்றன.

இதைவிட என்னை வியக்க வைப்பது இன்னொன்று. நெதர்லாந்தில் கார்னேஷன் பூச்செடியில் ஒரு சோதனை செய்து 1991-ல் வெளியிட்டார்கள். சூடோமோனாஸை வேரில் விட்டார்கள், வாடல் நோய்ப் பூசணத்தைத் தண்டில் செலுத்தினார்கள். இரண்டும் சந்திக்கவே இல்லை. இருந்தும் நோய் குறைந்தது. வேரில் பாக்டீரியா வந்து ஒட்டியதும் செடி முழுக்கத் தற்காப்புக்குத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். விரிடி இனத்திலும் இந்தத் தூண்டுதல் உண்டு. ஆனாலும் இலையில் வரும் நோய்க்கு நான் நம்புவது சூடோமோனாஸை.

அதனால் நெல்லுக்கு எது என்று கேட்டால் யோசிக்காமல் சூடோமோனாஸ் என்பேன். குலை நோயும் இலையுறைக் கருகலும் மண்ணுக்கு மேலே வருபவை. தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று குறைவு, விரிடிக்கு அது நல்ல இடமில்லை. கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்யலாம், நாற்றைப் பிடுங்கியதும் வேரைக் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடலாம். எதுவானாலும் நோய் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். பாதி வயல் கருகிய பிறகு தெளித்துவிட்டு, பலன் இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்து, மருந்துப் பொருத்தம். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. கார்பென்டசிம் பூசணக்கொல்லி. விரிடியும் ஒரு பூசணம்தானே, அதையும் சேர்த்தே கொன்றுவிடும். விதைக்குக் கார்பென்டசிம் போட்டுவிட்டு மேலே விரிடி கலந்தால் காசு வீண். சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் கார்பென்டசிமைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசினும் தாமிர மருந்துகளும் அதற்கு ஆகாது.

சரி, ஆயுள்? சூடோமோனாஸுக்கு வித்து (ஸ்போர்) கட்டும் பழக்கம் இல்லை. வெயில் படும் அலமாரியில் கிடந்தால் சீக்கிரம் செத்துவிடும், தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். விரிடி பச்சை வித்துகளாக இருப்பதால் சற்றுத் தாக்குப்பிடிக்கும். நெடுநாள் வைத்திருக்க வேண்டுமென்றால் உறக்க வித்து கட்டும் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா இரண்டையும் மிஞ்சும்.

இரண்டையும் கலந்து போடலாமா என்று கேட்பார்கள். ரகத்தைப் பொறுத்தது. சூடோமோனாஸ் சுரக்கும் நச்சு சில சமயம் விரிடியையே அடக்கிவிடும். நானாக இருந்தால் விரிடியைத் தொழு உரத்தோடு மண்ணுக்கும், சூடோமோனாஸைப் பின்னாளில் மாலை நேரத் தெளிப்புக்கும் என்று பிரித்துக்கொள்வேன்.

அப்புறம், வீட்டில் காளான் குடில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. காளான் படுக்கையில் படர்ந்து கெடுக்கும் பச்சைப் பூசணமும் டிரைக்கோடெர்மா இனம்தான். வயலில் விரிடி இட்ட கையோடு, குளித்து உடை மாற்றாமல் குடிலுக்குள் நுழையாதீர்கள்.