பேஸ்64: தமிழ்த் தரவோடு நெடுநாள் புழங்கியதில் கண்டவை

விண்ணப்பப் படிவங்களையும் அவற்றோடு வரும் படங்கள், பிடிஎஃப் கோப்புகள் ஆகியவற்றையும் ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் மென்பொருள்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருவதால், எந்தக் கோப்பையும் 64 எளிய குறிகளால் ஆன உரையாக மாற்றும் பேஸ்64 குறியேற்றம் எனக்கு அன்றாடப் புழக்கத்தில் உள்ள கருவி. உரையை மட்டுமே ஏற்கும் பாதையில் பைனரி கோப்பை (படம், பிடிஎஃப் போன்று உரையல்லாத கோப்பை) சேதமின்றி அனுப்ப, எங்கும் கிடைக்கும் கருவிகளில் இதைவிட நம்பகமானதை நான் பார்க்கவில்லை. ஆனால் தமிழ்த் தரவைக் கையாளுபவர்கள் இதன் வழக்கமான வடிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் என் அனுபவம்.

1982-இல் வரையறுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறை ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளை, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், குறிகளை மட்டுமே கடத்தியது. அதற்கு முன்பே, 1980-இல், பெர்க்லியில் மேரி ஆன் ஹோர்ட்டன் பைனரி கோப்பை உரையாக்கும் யூயூஎன்கோட் நிரலை எழுதியிருந்தார். பழைய காப்பகக் கோப்புகளில் ‘எம்’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் வரிகள் அடுக்கடுக்காக வந்தால், அது யூயூஎன்கோட் என்று இன்றும் அடையாளம் காணலாம்: வரிக்கு 45 பைட், அதனோடு 32-ஐக் கூட்டினால் 77, ஆஸ்கியில் அந்த எண்ணுக்குரிய எழுத்துதான் ‘எம்’. அதன் குறை என்னவென்றால், இடைவெளியும் பலவகை நிறுத்தக் குறிகளும் அதில் இடம்பெற்றதால், வழியில் இருந்த சில இயந்திரங்கள் வரி இறுதி இடைவெளிகளை வெட்டிவிட்டன. வேறு எழுத்துத் தொகுதியைப் பயன்படுத்திய கணினிகளைக் கடக்கையில் சில குறிகள் மாறிப்போயின. 1992-இல் மின்னஞ்சல் இணைப்புகளுக்கான மைம் தரநிலையோடு பரவலான பேஸ்64, ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, அவற்றோடு + மற்றும் / என்று எங்கும் சிதையாத 64 குறிகளை மட்டும் வைத்துக்கொண்டது.

மூன்று பைட் நான்கு எழுத்தாவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மின்னஞ்சலில் 76 எழுத்துக்கு ஒருமுறை வரி முறிக்கப்படுவதையும் சேர்த்தால் கூடுதல் ஏறத்தாழ 37 விழுக்காடு. 25 எம்பி வரை அனுமதி என்று சொல்லும் அஞ்சல் சர்வர் 20 எம்பி கோப்பைத் திருப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 18 எம்பி வரை போகும்.

இனித் தமிழுக்கு வருகிறேன். யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்பதால், பேஸ்64-இல் அது சரியாக நான்கு எழுத்தாகிறது. தமிழ்த் தலைப்புள்ள மின்னஞ்சலின் மூலத்தைத் திறந்து பார்த்தால் ‘4கே6’, ‘4கே+’ (‘கே’ என்பது ஆங்கிலப் பெரிய எழுத்து) என்ற தொடர்கள் மாறி மாறி வருவது இதனால்தான். தொல்லையும் இங்கேதான் இருக்கிறது. உயிர், உயிர்மெய் எழுத்துகளின் அடிக்குறிகள் + அல்லது / தருவதில்லை. ஆனால் காலுக்கு + வருகிறது, இகரக் கொக்கிக்கு / வருகிறது, புள்ளி உள்ளிட்ட மற்ற எல்லாத் துணைக்குறிகளுக்கும் மூன்றாவது எழுத்து + தான். ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் வந்துவிடுகின்றன. முதல் இடைவெளி வரை இந்த ஒழுங்கு மாறாது. இடைவெளி ஒற்றை பைட் என்பதால் அதற்குப் பின் அடுக்கு நகர்ந்துவிடும்.

இணைய முகவரியின் அளவுருவாக (முகவரியோடு சேர்த்து அனுப்பும் மதிப்பாக) இந்த உரையை அப்படியே அனுப்பினால், மறுமுனையில் + இடைவெளியாக மாறிவிடும். ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் மட்டுமே உள்ள உரையிலோ + ஒருபோதும் தோன்றாது. ஆகவே ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்த மென்பொருள் எல்லாத் தேர்விலும் தேறி, முதல் தமிழ்ப் பெயரில் கவிழ்கிறது. பார்ப்பவர்கள் யூனிகோடைக் குறை சொல்கிறார்கள். பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான பேஸ்64 கட்டளை, தனக்குத் தெரியாத குறிகளைச் சத்தமின்றி விட்டுவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும்: தொலைந்த + குறிகளின் எண்ணிக்கை நான்கின் மடங்காக அமைந்துவிட்டால் பிழைச்செய்திகூட வராமல் குப்பைதான் கிடைக்கும். ஆர்எஃப்சி 4648 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுக்கும் முகவரி வடிவம் + இடத்தில் - குறியையும், / இடத்தில் _ குறியையும் வைப்பதால் இந்தச் சிக்கலே எழுவதில்லை. நான் புதிதாக எழுதும் எதிலும் அதையே பயன்படுத்துகிறேன், தெரியாத குறி வந்தால் பிழை காட்டும் கண்டிப்பான சரிபார்ப்பையும் சேர்த்து.

மற்றவை சிறு உபாதைகள். லினக்ஸின் பேஸ்64 கட்டளை தானாகவே 76 எழுத்தில் வரியை முறிப்பதால், நீண்ட டோக்கனை (அனுமதிச்சீட்டு போன்ற உரையை) கோரிக்கையின் ஹெட்டரில், அதாவது தலைப்பகுதியில், வைக்கும் முன் அதை நிறுத்த வேண்டும். கடவுச்சொல்லைக் குறியேற்ற அனுப்பும்போது, ‘எக்கோ’ கட்டளை அதன் கடைசியில் ஒரு வரிமுறிப்பைச் சேர்த்துவிடுகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் கடவுச்சொல்லைச் சர்வர் ஏற்காதபோது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். படங்களைப் பேஸ்64 ஆக்கித் தரவுத்தளத்தின் உரைப் புலத்தில் சேமிப்பதை நான் ஏற்பதில்லை, அங்கே பைனரி புலம் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு இடத்தை வீணாக்குவானேன்? இதை மறையாக்கம் என்று நினைத்து ரகசியங்களைப் பொதிபவர்களும் உண்டு. யாரும் ஒரு நொடியில் பிரித்துவிடலாம்.

முகவரி வடிவத்திலும் தீராத ஒன்று, நீளத்தை நான்கின் மடங்காக்க இறுதியில் இட்டுநிரப்பும் = குறி. உள்நுழைவுக்குப் பரவலாகப் பயன்படும் ஜேடபிள்யூடி டோக்கன்கள் அதை விட்டுவிடுகின்றன, ஜாவா அது இல்லாமலும் பிரிக்கிறது, பைத்தான் பிழை காட்டி நிற்கிறது. பைத்தானின் வழக்கமான முறையில் பிரிக்கும் முன் எல்லா உரைக்கும் இறுதியில் இரண்டு = ஒட்டிவிட்டால் போதும், மிகுதியை அது பொருட்படுத்துவதில்லை. கண்டிப்பான சரிபார்ப்பு இருந்தால் தேவையான அளவு மட்டுமே ஒட்ட வேண்டும்.