எங்கள் ஊர் யூனியன் ஸ்கூல்: தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் கூட்டத்துக்கும் வர வேண்டும்

டவுன் மெட்ரிக் பள்ளிக்கு வேன் ஏற்றி அனுப்புவதா, உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலேயே சேர்ப்பதா என்று குழம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறாள், இப்போது நான்காம் வகுப்பு. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். அதனால் வகுப்பறையில் நடப்பதும் தெரியும், காசு எந்த வழியாக வருகிறது என்பதும் ஓரளவு தெரியும். பள்ளியின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் நம் மாநிலத்தில் இதே அளவுள்ள பல கிராமப் பள்ளிகளுக்கும் பொருந்தும், ஒரு பள்ளியை மட்டும் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். குறைத்த ஒன்றரையில் ஆசிரியர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி திருக்குவளையில் வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. எங்கள் ஊரில் அதன் பலனை ஒரே மாதத்தில் கண்ணால் பார்த்தோம். காட்டு வேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் வீடுகளில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு, சில நாள் ஒரு கடுங்காப்பியோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள், இரண்டாவது பாடவேளையிலேயே தலை தொங்கிவிடும். இப்போது காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு சூடாகக் கிடைக்கிறது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் அதே பிள்ளைகளுக்கு அத்தையோ பெரியம்மாவோதான், அதனால் எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்பது அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. மதியம் சத்துணவும் வாரம் ஐந்து நாள் முட்டையும் இருக்கின்றன. இந்த விஷயத்தில் எந்த தனியார் பள்ளியும் கிட்டே வர முடியாது. பாடநூல், சீருடை, செருப்பு, பை, வண்ணப் பென்சில் எல்லாம் இலவசம் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது படிப்பு. இதில்தான் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர். இது சட்டத்தை மீறிய ஏற்பாடு அல்ல என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான், 61ஐத் தொட்டால்தான் மூன்றாவது ஆசிரியர். சட்டம் மொத்தத் தலையை எண்ணுகிறது, எத்தனை வகுப்பு என்று எண்ணவில்லை. அறுபது பிள்ளைகளும் ஒரே வகுப்பு என்றால் அந்தக் கணக்கு ஓடும். எட்டுப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு, ஆறு பேர் இரண்டாம் வகுப்பு, ஒன்பது பேர் மூன்றாம் வகுப்பு என்று ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு டீச்சர் என்ன செய்வார்? ஒரு குழுவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும்போது மற்ற இரண்டு குழுவும் தானாக எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். இதோடு தலைமையாசிரியர் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் போடும் பதிவுகளைப் பார்க்க வேண்டும், வட்டார வள மையத்தில் கூட்டம் என்றால் போக வேண்டும், பயிற்சி என்றால் போக வேண்டும், அந்த நாட்களில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் டீச்சர் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார் என்பதற்கு என் மகளே சாட்சி. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தது, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை எழுத்தும் கணக்கும் வந்துவிட வேண்டும் என்று 2025ஐக் கெடுவாக வைத்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலைக்குத் தகுந்தபடி பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பிலும் இருக்கலாம். ஆட்டமும் பாட்டும் அட்டைகளுமாகத்தான் வகுப்பு நடக்கும். கலந்து உட்காரும் சிறிய பள்ளிக்கு இந்த முறை பெரிய பள்ளியைவிட நன்றாகவே ஒத்துப்போகிறது என்பது என் அனுபவம். அப்புறம், சில பெற்றோர்கள் "நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே" என்று சண்டைக்கு வருகிறார்கள், தயவுசெய்து வகுப்பை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆனால் மாநில அளவில் நிலைமை சுகமாக இல்லை, அதை மறைக்கக் கூடாது. கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2018இல் 40.7 சதவீதம், கொரோனா விடுமுறைக்குப் பிறகு 2022இல் 25.2 சதவீதம். நாலில் ஒரு பிள்ளைதான். அந்த ஆய்வு அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்துப் பார்த்தது என்பதையும் கவனியுங்கள். வேனில் போய் வரும் பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்து ஒரு பக்கம் தமிழ் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், டையும் ஷூவும் வாசிப்பைக் கொண்டுவருவதில்லை என்பது உடனே புரியும்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு மானியம் உண்டு. தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து. முப்பது பேர் வரை 10,000 ரூபாய், அதைத் தாண்டி நூறு பேர் வரை 25,000, இருநூற்றைம்பது வரை 50,000. இதில் பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. சுண்ணாம்புக்கட்டி, பதிவேடு, விளக்குமாறு, சோப்பு, குழாய் ரிப்பேர், சுவருக்கு வெள்ளை, எல்லாம் இதற்குள்தான். இப்போது இந்தப் பணம் பள்ளிக் கணக்கில் வந்து கிடப்பதுகூட இல்லை, இவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு மட்டும் வரும், பில் போட்டால் கடைக்காரர் கணக்குக்கு நேராகப் போகும், மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் போயிற்று. எங்கள் பள்ளியில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறிவிட்டால் 25,000 ஒரே அடியாகப் 10,000 ஆகிவிடும். கழிப்பறைக் குழாய்க்கு எத்தனை பிள்ளை படிக்கிறது என்று தெரியுமா? கூரை ஒழுகினால் முப்பது பேருக்கும் ஒழுகும், அறுபது பேருக்கும் ஒழுகும். சிறிய பள்ளிக்குத் தலைக்கணக்கில் காசு கொடுப்பது அதைப் படிப்படியாக மூடும் வழி, இது என் உறுதியான கருத்து.

மேலே நடக்கும் சண்டையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது, அதன் வழியாக வரும் தேசியக் கல்விக் கொள்கையையும் மும்மொழியையும் ஏற்க முடியாது என்றது மாநிலம், 2025இல் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கொள்கையில் யார் பக்கம் நிற்பது என்பது அவரவர் விருப்பம், நான் இருமொழி போதும் என்ற பக்கம். ஆனால் ஒரு ஒப்பந்தத்துக்காக இன்னொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்துவைப்பதை எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் ஒரு பெற்றோர் ஏற்கக் கூடாது.

நிர்வாகம் இன்னொரு தலைவலி. இவ்வளவு சின்னப் பள்ளி, ஆனால் ஆசிரியர் கல்வித் துறை, கட்டடம் ஊராட்சி ஒன்றியம், சத்துணவு சமூக நலத் துறை, கழிப்பறை சுத்தம் செய்ய வருபவரின் சம்பளம் ஊரக வளர்ச்சித் துறை, தண்ணீர் ஊராட்சி. ஒரு ஜன்னல் கதவு பெயர்ந்து விழுந்தபோது நாங்கள் முதலில் போன அலுவலகத்தில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள், அடுத்த அலுவலகத்தில் மதிப்பீடு போட்டு வாருங்கள் என்றார்கள், மதிப்பீடு போட வேண்டியவர் மாற்றலாகிப் போயிருந்தார். கடைசியில் பெற்றோர்களே சேர்ந்து ஆசாரியை வைத்து மாட்டினோம்.

இதற்கெல்லாம் கையில் இருக்கும் ஒரே கருவி பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022இல் நம் பள்ளி நம் பெருமை என்று இயக்கம் நடத்தி இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள், 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் கூட்டம் போட்டால் ஆறேழு பேர் வந்தாலே அதிகம். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகும் அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படி வருவார்? தீர்மான நோட்டு வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போகிறது, பலர் படித்துப் பார்க்காமலே போட்டுக் கொடுக்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி, இப்போது வேலை முடிந்து எல்லோரும் திரும்பும் நேரமாகப் பார்த்து ஒருமுறை முன்கூட்டியே பேசிவிட்டு, அப்புறம் முறைப்படிக் கூட்டத்தை நடத்துகிறோம். ஆள் வருகிறார்கள். தெருக்குழாயிலிருந்து பள்ளித் தொட்டிக்குத் தனி இணைப்பு வந்தது இப்படி எழுதிய தீர்மானத்தால்தான், அதை ஊராட்சிக் கிராம சபையிலும் வைத்தோம்.

ஆக, யாருக்கு இந்தப் பள்ளி சரிவரும்? உங்கள் பிள்ளை தமிழில் தெளிவாக வாசித்து, கணக்கைப் புரிந்து செய்து, பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்து வளர வேண்டும் என்றால் யோசிக்காமல் சேருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் உண்டு, உயர்கல்விக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய். ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் தேவை என்றால் வீட்டில் நீங்களும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கும், இரண்டு ஆசிரியர் பள்ளியில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

சேர்க்கைக்கு வரும்போது பிறப்புச் சான்றும் ஆதாரும் எடுத்து வாருங்கள், எது இல்லாவிட்டாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, சட்டம் அப்படி. முடிந்தால் காலை உணவு நேரத்தில் வாருங்கள், சமையலையும் பார்க்கலாம். வந்தவுடன் தலைமையாசிரியரிடம் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முறை நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது ஆசிரியருக்கான கோரிக்கை இருக்கிறது, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பப் போகிறோம், கையெழுத்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது.