மாட்டுங்காவில் தண்ணீர்த் தொட்டி கழுவ யாரைக் கூப்பிடலாம்?

மும்பையில் தொட்டி கழுவுகிற ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். கழுவி முடித்த பிறகு கொசு நுழைய வழியில்லாமல் மூடிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அபூர்வம். தாராவியிலிருந்து வருகிற ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியும் அவருடைய பையன்களும் எங்கள் சொசைட்டிக்கு அந்த வேலையைச் செய்து தருகிறார்கள். கமிட்டியில் தண்ணீர், பிளம்பிங் எல்லாம் என் பொறுப்பு என்பதால் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். மாட்டுங்கா, சயான், வடாலா பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

தொட்டிக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று எங்கள் கட்டடத்திலேயே கேட்டார்கள். மலேரியா என்றாலே எல்லோரும் சாக்கடையைத்தான் காட்டுகிறார்கள். சாக்கடையில் வளர்வது பெரும்பாலும் க்யூலெக்ஸ்; ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும், இங்கே மலேரியாவைத் தருவது அது இல்லை. நகரத்து மலேரியாக் கொசு அனாஃபிலிஸ் ஸ்டீபன்சை. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும்: கிணறு, மொட்டைமாடித் தொட்டி, கட்டுமான இடத்தில் கான்கிரீட் காயாமல் இருக்கத் தேக்கி வைக்கிற நீர். இந்த ஊரில் முனிசிபாலிட்டித் தண்ணீர் நாளுக்குச் சில மணி நேரம்தான் வருகிறது. அதைக் கீழே சக்ஷன் டேங்க் என்கிற தரையடித் தொட்டியில் பிடித்து, பம்பு போட்டு மேலே ஏற்றித்தான் எல்லாக் கட்டடமும் பிழைக்கிறது. அதாவது கொசுவுக்குப் பிடித்த தண்ணீரை ஊர் முழுக்கத் தலைக்குமேல் வைத்திருக்கிறோம். இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பம்பாயில் மலேரியா ஏன் சில வட்டாரங்களில் மட்டும் மண்டுகிறது என்று ஆராய்ந்து பென்ட்லி என்ற மருத்துவ அதிகாரி 1911-இல் அறிக்கை கொடுத்தார். அவர் விரல் நீட்டியது வீட்டுக் கிணறுகளை. கிணறு போய் டேங்க் வந்தது, கொசு அதே கொசுதான்.

போன மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்தில் காய்ச்சல் வந்தபோது, கமிட்டி முதலில் புகை அடிக்கத்தான் ஓடியது. நான் மாடி வரைபடத்தை எடுத்து, யார் யார் வீட்டில் மலேரியா என்று பென்சிலால் குறித்தேன். ஏ விங்கில் ஒருவருக்கும் இல்லை. பி விங்கில் எல்லாம் மேல் இரண்டு மாடி. அதற்கு நேர் மேலே இருந்த தொட்டியைக் கொஞ்ச நாள் முன்புதான் வேறு ஒரு கம்பெனி வந்து கழுவி, உள்சுவர் பளபளவென்று இருக்கிற போட்டோ அனுப்பிப் பணமும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்ததை அவர்கள் போட்டோ எடுக்கவில்லை.

அப்புறம்தான் எதிர்க் கட்டடத்து மாமி சொல்லி அண்ணாச்சி வந்தார். வந்தவுடன் வாளியைத் தூக்காமல் டார்ச்சைத்தான் எடுத்தார். மூடியைத் தூக்கி, வெளிச்சத்தைத் தண்ணீர்மேல் சாய்த்துப் பிடித்து, "இங்க பாருங்கம்மா" என்றார். மேற்பரப்போடு ஒட்டி, மிதக்கிற சீரகம் மாதிரி, சின்னச் சின்னப் புழுக்கள். நிழல் பட்டதும் விருட்டென்று நகர்ந்தன. "படுத்துக் கெடந்தா மலேரியாப் புழு. தலைகீழாத் தொங்குச்சுன்னா மத்தது" என்றார். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது: அனாஃபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் நீட்டிக்கொண்டு இருக்காது, அதனால் நீர்மட்டத்தோடு படுத்தே கிடக்கும், டெங்குக் கொசுவான ஏடிஸும் க்யூலெக்ஸும் வாலில் இருக்கிற குழலை மேலே நீட்டித் தொங்கும்.

இனி வேலை. தண்ணீரை வடித்து, அடியில் தங்கின சேற்றைப் பம்பு வைத்து இழுக்கிறார்கள். இது எல்லோரும் செய்வதுதான். நீர்மட்டக் கோடு இருக்கிற இடத்தில் சுவரைச் சுற்றிலும் பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்களே, அங்கேதான் வித்தியாசம். டெங்குவைத் தரும் ஏடிஸ் தண்ணீரில் முட்டை போடுவதில்லை, தண்ணீர் விளிம்பில் ஈரச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். அந்த முட்டை காய்ந்தே மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரியும். வடித்து அலசினால் மட்டும் போகாது. தேய்த்த பிறகு பிளீச்சிங் கரைசல் பூசி, ஊறவிட்டு, அலசி, முதல் நிரப்புத் தண்ணீரை வீணானாலும் பரவாயில்லை என்று வடித்துவிடுகிறார்கள். ஓவர்ஃப்ளோ குழாய் வாய்க்கும் காற்றுக்குழாய்க்கும் வலை கட்டுகிறார்கள். மூடிக்கு ரப்பர் விளிம்பு போட்டு பூட்டு மாட்டுகிறார்கள். "மூடி சரியில்லாம கழுவி என்னத்துக்கும்மா?" என்பார் அண்ணாச்சி. எங்கள் பி விங் தொட்டிக்கு நிலையான ஏணி இல்லை என்பதற்காக அவர் பேசின பேச்சு இன்னும் காதில் இருக்கிறது: "ஏறிப் பாக்க முடியாத தொட்டிய எவனும் பாக்க மாட்டான்." முனிசிபாலிட்டி ஆட்களும் ஏணி கேட்பது இதற்காகத்தான்.

சக்ஷன் டேங்க்கில் அவர்கள் இறங்குகிற முறைக்காகவே நான் நாலு பேரிடம் சிபாரிசு செய்வேன். மூடியைத் திறந்து போட்டு, உள்ளே காற்று அடிக்கவிட்டு, இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர். அவர் அந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. மூடிய தொட்டிக்குள் மூச்சு முட்டி ஆட்கள் செத்துப்போகிற நாட்டில் இதைக் கவனிக்காமல் 'விலை குறைவு' என்று யாரையாவது கூப்பிடுவது பாவம்.

என் வரைபடத்தைப் பார்த்து அவர் சொன்ன ஒன்று என்னை யோசிக்க வைத்தது. டெங்குவையும் இதே தாளில் குறித்திருந்தேன். "டெங்குவ வீட்டு அட்ரஸ்ல தேடாதீங்கம்மா, அது பகல்ல கடிக்கும்" என்றார். சரிதான். ஆபீஸிலோ பள்ளியிலோ கடிபட்டவருடைய புள்ளி அவர் தூங்குகிற வீட்டில் விழுகிறது. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிகிற கொசு. அதைப் பிடிக்க வேண்டிய இடம் வேறு தெருவாக இருக்கலாம். மலேரியாவிலும் ஒரு சிக்கல் உண்டு. வைவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும். காய்ச்சல் விட்டதும், அதை ஒழிக்கக் கொடுக்கிற பிரைமாக்வின் மாத்திரையை 14 நாள் முடிக்காமல் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. இந்த வருஷத்துப் புள்ளி போன வருஷத்துக் கடியாகவும் இருக்கலாம். வரைபடம் போடுங்கள், ஆனால் பகலில் எங்கே இருந்தீர்கள், முன்பு மலேரியா வந்து மருந்தைப் பாதியில் நிறுத்தினீர்களா என்ற இரண்டு கேள்வியையும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மாட்டுங்காவில் குடியிருக்கிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு பொறுப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் வந்தது. தானிய மூட்டைகளும் எலிகளும் 'சால்' என்கிற நெருக்கடியான ஒற்றை அறைக் குடியிருப்புகளும் இருந்த இடம். முதலில் கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வீகாஸ். அந்த அடியில்தான் 1898-இல் பம்பாய் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற நகரச் சீரமைப்பு அமைப்பு பிறந்தது. தாதர், மாட்டுங்கா மனைகள் எல்லாம் அதன் திட்டம். எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்து 63.5 டிகிரி கோணத்தில் வெளிச்சம் தடையில்லாமல் கீழ் ஜன்னலுக்கு வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நம் பெரியவர்கள் வந்து குடியேறிய காற்றோட்டமான வீடுகள் அந்தக் கணக்கில் வந்தவை. அதே நகரத்தில், கோவண்டி, மான்குர்த் பக்கம் நட்வர் பாரேக், லல்லுபாய் காம்பவுண்டுகளில் 3 மீட்டர் இடைவெளியில் அடுக்குமாடி எழுப்பி ஏழைகளைக் குடிவைத்தார்கள். அங்கே காசநோய் குவிந்திருப்பதை 2018-இல் ஆய்வு சொன்னது. 2020 ஜூலையில் எங்கள் எஃப் வடக்கு வார்டு உள்பட மூன்று வார்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்கும் மற்ற இடங்களில் 16 சதவீதம் பேருக்கும் கொரோனா வந்துபோன அடையாளம் இருந்தது. ஒரே வார்டு, நடுவில் ஒரு சாலை. நோய் எங்கே போகும் என்பதைக் கட்டடமும் பொதுக் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் சேர்ந்து முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகின்றன. நம் கைக்கு எட்டுகிற பங்கு தொட்டி மூடி. அதையாவது செய்வோம்.

குறைகளும் இருக்கின்றன. அண்ணாச்சி சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். காலை எட்டு என்றால் பத்து, அதற்குள் குடித்தனக்காரர்கள் வாளி நிரப்பாமல் தவிப்பார்கள். ரசீதில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும், வலை எத்தனை, மூடிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். கட்டணம் மற்றவர்களைவிடக் கூடுதல். பக்கத்தில் ரீடெவலப்மென்ட் நடக்கிற மனையில் தேங்கின தண்ணீரை நாங்கள் காட்டியபோது, "அது பில்டர் சோலி, நான் கைவைக்க முடியாது" என்று ஒதுங்கிவிட்டார். அதில் தப்பில்லை, வார்டு ஆபீஸில் புகார் கொடுக்க வேண்டியது நாம்தான். வீட்டுக்குள் இருக்கிற பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் அடித் தட்டு, மணி பிளான்ட் பாட்டில் இவற்றையும் அவர் பார்க்கமாட்டார். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், ஆகவே வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவைப்பதை அவரவர் வீட்டில் செய்தாக வேண்டும்.

கூப்பிடுகிறவர்கள் ஏப்ரலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். வைகாசியில் ஊர்க் கொடைக்குப் போனால் மழைக்கு முன் அவரைப் பிடிக்க முடியாது. வேலை முடிந்ததும் கமிட்டியில் ஒருவர் அவசியம் மேலே ஏறி, மூடி அழுந்தி உட்கார்கிறதா, ஓவர்ஃப்ளோ வலையில் ஓட்டை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். அண்ணாச்சி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார், ஏணியைப் பிடித்துக்கொள்வார்.