ஐந்து மோடு லைட்டும் கல்லணை ரோடும்

300 கிலோமீட்டர் பிரெவேக்கு, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு, பேர் கொடுத்திருக்கும் நண்பர் ஒருவர், நான் ஹாண்டில்பாரில் மாட்டியிருக்கும் சார்ஜ் லைட்டின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்டார். 300க்குக் கெடு 20 மணி நேரம். எப்போது கிளம்பினாலும் நம்மில் பலருக்கு ராத்திரியில் மிதிக்காமல் முடியாது. போன வாரம்தான் அந்த லைட்டுக்குச் செல் மாற்றிக்கொண்டு வந்தேன். அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன்.

800 லூமன் வெளிச்சம், அலுமினிய உடம்பு, மழைக்குப் பயமில்லை. அட்டையில் போட்டிருப்பது உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் உண்மைதான். ஐப்பசி மழையில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு வரை என்னோடு நனைந்து வந்திருக்கிறது, அணைந்ததில்லை.

பிரச்சினை பட்டன். ஒரே பட்டன், ஐந்து மோடு: ஹை, மீடியம், லோ, வேகமாக மினுக்குவது, மெதுவாக மினுக்குவது. எதிரே பைக் வந்தால் டிம் பண்ண இரண்டு அழுத்து. சரி. அவர் கடந்து போனபின் திரும்ப ஹைக்கு வர இரண்டு மினுக்கலையும் தாண்டியாக வேண்டும். எதிர் வெளிச்சத்தில் கண் கூசி ஒன்றும் புரியாத அதே நேரத்தில்தான் ரோடு வெட்டி வெட்டித் தெரியும். 25 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 7 மீட்டர் ஓடிவிடும். பட்டனைத் தடவி அழுத்துகிற இரண்டு நொடியில் 14 மீட்டர். கல்லணை–பூம்புகார் சாலையில் அந்த 14 மீட்டருக்குள் என்னதான் இருக்காது? வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, அறுவடை நாளில் காயப்போட்ட நெல், அதில் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வைத்த கருங்கல், பின்விளக்கே இல்லாத டிராக்டர், சூடு ஆறாத தாரில் கிடக்கும் கண்ணாடி விரியன்.

இதை வடிவமைத்தவர் ராத்திரியில் சைக்கிள் மிதித்தவராக இருக்க முடியாது. மினுக்கலைத் தனியாக, பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் வரும்படி வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? போதாக்குறைக்கு ஒளி டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கிறது, பாதி வெளிச்சம் புளியமரத்துக்குப் போகிறது. ஜெர்மனியில் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி சைக்கிள் விளக்கின் ஒளி மேல்பக்கம் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. அப்படி இருந்தால் டிம் பண்ணுகிற வேலையே பெரும்பாலும் மிச்சம்.

செல் போனதும் சர்வீஸுக்கு எழுதினேன். "உதிரிபாகம் இல்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்." தஞ்சாவூரில் செல்போன் கடைத் தம்பி திறந்து பார்த்தான். உள்ளே பழைய லேப்டாப் பேட்டரிகளில் கிடக்கும் அதே 18650 செல். புதிதாக ஒன்று போட்டு மூடினான்.

"பட்டன் ரப்பரும் தேஞ்சிடுச்சுண்ணே, மாத்திடவா?"

"ரப்பர் கிடக்கட்டும்ப்பா. அந்த மினுக்கலை எடுக்க முடியுமா?"

"அது சிப்புலயே இருக்குண்ணே" என்று சிரித்தான்.

இவ்வளவு திட்டியும் ராத்திரியில் இதை மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன். காரணம், அட்டையில் யாரும் பெருமையாகப் போடாத லோ மோடு. வண்டி வராத நீளமான ரோட்டில் லோவில் வைத்து நிதானமாக மிதித்தால், கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சத்துக்கு வெளியே வரப்பும் வாய்க்கால் தண்ணீரும் தெரியத் தொடங்கும். மதகைத் தாண்டும்போது முழங்கையில் சில்லென்று படும். ஒருநாள் ரோட்டு நடுவில் இரண்டு செம்பொறி. கிட்டே போனால் பக்கிக் குருவி! சக்கரம் நெருங்கும்வரை அசையாமல் இருந்துவிட்டு, சத்தமே இல்லாமல் எழும்பி, கொஞ்சம் முன்னால் போய் மறுபடி உட்கார்ந்தது. மறுபடி நெருங்கினேன், மறுபடி அதே. செங்கல் சூளை வரும்வரை எனக்கு அதுதான் துணை.

முன்னால் வருகிற வண்டியைப் பற்றி ராத்திரியில் எனக்குப் பகலைவிடப் பயம் குறைவு. வளைவுக்கு அந்தப்பக்கம் இருக்கும்போதே மரக்கிளையில் வெளிச்சம் ஏறிவிடும். பின்னால் வருகிறவர்தான் கவலை. அதற்கு நான் நம்புவது பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டரை. மேலும் கீழும் ஆடுவதால் சைக்கிள்தான் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும். வெறும் சிவப்பு மினுக்கலை வைத்து எத்தனை தூரம் என்று கணிப்பது கஷ்டம். அழகுக்காக அந்தப் பெடலைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆக, வாங்கலாமா? வேண்டாம். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஹைக்கும் லோவுக்கும் மட்டும் மாறுகிற லைட்டாகத் தேடுங்கள். கையில் காசு இருந்தால், சக்கரம் சுழல்வதிலேயே மின்சாரம் எடுக்கும் ஹப் டைனமோ போடுங்கள், 6 வோல்ட் 3 வாட்தான், ஆனால் சார்ஜ் கவலை கிடையாது. எதுவும் அமையவில்லை என்றால் என் லைட்டை மட்டும் இரவல் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பிரெவேக்கு நானும் வருகிறேன், எனக்கு வேண்டும்.