முன்கூட்டியே பதிவா, கடைசி நேரப் பதிவா?

விமான நிறுவனங்கள் ஒரே வகுப்பின் இருக்கைகளையும் பல விலைப்படிகளாகப் பிரித்து, மலிவான படி தீர்ந்ததும் அடுத்ததை விற்கின்றன. பல நிறுவனங்கள் ஏறத்தாழ 11 மாதங்களுக்கு முன்பே பதிவைத் தொடங்கினாலும், முதல் நாளிலேயே மிகக் குறைந்த விலை கிடைத்துவிடும் என்பதில்லை. ஆயினும், விடுமுறைக் காலத்தில் தேதியை மாற்ற இயலாத குடும்பங்களுக்கு முன்பதிவே உகந்தது என்பேன். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவான படியில் மூன்று இருக்கைகளே எஞ்சியிருந்தால், நால்வருக்குமே உயர்ந்த கட்டணம் காட்டப்படுவதுண்டு (அப்போது தனித்தனியாகவும் தேடிப் பார்ப்பது நல்லது). கடைசி நேரத்தில் காலி இருக்கைகள் மலிவாகும் என்று காத்திருப்பவர்களோ பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அவசரப் பயணி கேட்ட விலையைக் கொடுப்பார் என்ற கணிப்பில், புறப்பாட்டுக்கு 21, 14, 7 நாட்கள் என்னும் எல்லைகளிலேயே பல சலுகைக் கட்டணங்கள் நிறுத்தப்படுகின்றன. எந்த நாளும் எந்த ஊரும் சம்மதம் என்பவருக்கு மட்டுமே அந்தக் காத்திருப்பு பொருந்தும்.