ஹனோயா, சைகோனா: தன்னார்வலராகப் போகிறவருக்கு எந்த ஊர்?

வியட்நாமின் வடக்கே ஹனோயில் நான்கு மாதம் இருந்துவிட்டு தெற்கே சைகோனுக்கு மாறிய முதல் வாரம், சாப்பாட்டுக் கடையில் ‘தியா’ என்று ஸ்பூன் கேட்டேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, ‘முவோங்’ என்று திருத்தினார். கிண்ணத்துக்கு வடக்கே ‘பாட்’, தெற்கே ‘சென்’. அந்தச் ‘சென்’னை ஹனோயில் கேட்டால் டீ குடிக்கிற சின்னக் கோப்பை வந்து சேரும். அன்னாசிப்பழத்துக்கும் பன்றிக்கறிக்கும்கூட இரண்டு ஊரிலும் வேறு வேறு சொல். ஒரே மொழிதான், ஆனால் நடுவே 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை கிடக்கிறது.

வியட்நாமில் கொஞ்ச நாள் தன்னார்வலராக இருக்கப் போகிறேன், எந்த ஊர் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மாதம்? மூன்று மாதத்துக்குள் என்றால் சைகோன். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் ஹனோய். இரண்டுக்கும் நடுவே என்றால் எந்த மாதத்தில் போய் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. (அரசாங்கக் காகிதத்தில் 1976 முதல் சைகோனின் பெயர் ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் வேலை. ஹனோய் தலைநகரம் என்பதால் தூதரகங்கள், ஐ.நா. அலுவலகம், அமைச்சகங்கள் எல்லாம் அங்கே. அவற்றை ஒட்டி இயங்கும் தொண்டு நிறுவனங்களில் மேசை வேலை நிறைய. குழந்தைகளோடு விளையாடலாம் என்று போனவர் அறிக்கையின் ஆங்கிலத்தைச் செப்பனிட்டுக்கொண்டு எக்செல் முன்னால் உட்கார்ந்திருப்பார். எனக்கு நடந்தது அதுதான். ஊருக்கு வெளியே, வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் நச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1998இல் திறந்த நட்புறவுக் கிராமம் இருக்கிறது. அந்தப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஜார்ஜ் மீசோ என்ற அமெரிக்கர் முன்னெடுத்த முயற்சி அது. அந்த மாதிரி இடங்களில் நின்று வேலை செய்ய மொழி வேண்டும், பல மாதப் பொறுமையும் வேண்டும். சைகோனில் நேரடி வேலை சீக்கிரம் கைக்கு வந்தது: சந்துக்குள் மாலை நேர ஆங்கில வகுப்பு. ஆனால் அங்கே என்னைச் சேர்த்துவிட்ட இடைத்தரகு நிறுவனம், பெயர் வேண்டாம், பணத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வேலைதான் கொடுத்தது. மீதி வேலையை நானே தேடிக்கொண்டேன். குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுக் கிளம்பும் திட்டங்கள் இரண்டு ஊரிலும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகளுக்குப் பிரிவுதான் மிச்சம்.

மதியத் தூக்கத்தில் மட்டும் வடக்கும் தெற்கும் ஒன்று. சாப்பிட்டதும் அலுவலக விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கடியில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடுகிறவன் வெளியூர்க்காரன்.

மொழியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வியட்நாமிய மொழியில் ‘நீங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. எதிரே நிற்பவர் அண்ணனா, அக்காவா, சித்தப்பாவா, பெரியப்பாவா, அத்தையா என்று முடிவு செய்தாக வேண்டும். ‘அஞ்’ அண்ணன், ‘சி’ அக்கா, ‘சூ’ சித்தப்பா, ‘பாக்’ பெரியப்பா. கடைக்காரரை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. என்னோடு இருந்த ஜெர்மானியர் இதற்காகவே ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தார். ஆனால் நாமும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. யாரிடம் பேசினாலும் நமக்கு ‘நான்’ மாறாது. அங்கே ‘நான்’ என்பதும் உறவுதான். அண்ணனிடம் பேசும்போது நான் ‘எம்’, அதாவது தம்பி. ‘தம்பிக்கு ஒரு காபி கொடுங்கள் அண்ணே’ என்று என்னையே நான் சொல்லிக்கொள்ள வேண்டும். இதனால்தான் பார்த்த ஒரு நிமிடத்தில் வயதைக் கேட்கிறார்கள். அது துருவல் இல்லை, வாக்கியத்தைத் தொடங்க அவர்களுக்கு அது தேவை.

இதிலும் இரண்டு ஊரும் பிரிகின்றன. பெரியவர்களிடம் பேசும்போது ஹனோயில் நான் ‘சாவ்’, அண்ணன் மகன் அல்லது பேரன் என்கிற மாதிரி. சைகோனில் ‘கோன்’, பிள்ளை. முதல் நாளே யார் வீட்டுக்கும் பிள்ளையாகிவிடலாம், அதுதான் சைகோன். இன்னொரு வேடிக்கை: தெற்கே வீட்டின் மூத்த பிள்ளையை ‘இரண்டு’ என்கிறார்கள். ‘அஞ் ஹாய்’ என்றால் இரண்டாம் அண்ணன் இல்லை, பெரியண்ணன். இது புரிவதற்குள் என் வகுப்புப் பிள்ளைகளின் குடும்பக் கணக்கை முழுக்கத் தப்பாகப் போட்டு வைத்திருந்தேன்.

உச்சரிப்புக்கு வந்தால், எழுத்தில் ஆறு தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம். ஹனோய்க்காரர்கள் ஆறையும் தனித்தனியாகச் சொல்வார்கள், தெற்கே இரண்டு கலந்து ஐந்தாகிவிடும். பாடப்புத்தகமும் ஒலிப்பதிவுகளும் பெரும்பாலும் வடக்கத்தி உச்சரிப்பில்தான். அதனால் ஹனோயில் படித்ததை அன்று மாலையே தெருவில் காதால் கேட்கலாம். சைகோனில் ஆங்கிலம் அதிகம் புழங்குகிறது, நமது உடைந்த வியட்நாமிய மொழிக்கு ஆங்கிலத்தில் பதில் வந்துவிடும். சொகுசுதான், ஆனால் கற்றுக்கொள்ள மாட்டோம். என் மொழி வளர்ந்தது ஹனோயில், நடைபாதை டீக்கடை பிளாஸ்டிக் முக்காலியில். ஆயிரம் என்பது அங்கே ‘ஙின்’, தெற்கே ‘ஙான்’. ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகியதோடு விட்டுவிட்ட ங எழுத்து இங்கே ஊரெல்லாம் கேட்கிறது. நுயென் என்று நாம் எழுதுகிற குடும்பப் பெயரும் ஙகரத்தில்தான் தொடங்குகிறது.

தங்குமிடம் இரண்டு ஊரிலும் சந்துக்குள்தான். ஹனோயில் சந்துக்கு ‘ஙோ’, சந்துக்குள் சந்துக்கு ‘ஙாக்’. சைகோனில் ‘ஹெம்’, முகவரி 127/43/8 என்று சாய்கோடுகளாக நீளும். பிரதான சாலையில் 127, அதற்குள் 43, அதற்குள் 8. 2025 ஜூலையில் மாவட்டங்களையே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் வழி சொல்பவர்கள் இன்னும் ‘மூன்றாம் மாவட்டம்’ என்றுதான் தொடங்குகிறார்கள். சத்தத்தைப் பொறுத்தவரை எதைத் தாங்குவீர்கள் என்பதே கேள்வி. ஹனோயில் எங்கள் தெரு ஒலிபெருக்கி காலையில் அரசு அறிவிப்புப் படித்து எழுப்பியது. சைகோனில் யாராவது சக்கரம் வைத்த ஸ்பீக்கரை வாசலுக்கு இழுத்துவந்து இரவு பத்து மணி வரை கரோக்கே பாடுவார்கள். காலையில் எழுப்பியவரை நான் மன்னித்துவிட்டேன்.

வானிலையில் ஹனோய் தோற்கிறது, அதுவும் மோசமாக. டிசம்பர், ஜனவரியில் 10, 12 டிகிரி வரை இறங்கும், வீட்டில் கணப்பு கிடையாது. குளிர்காலப் புகைமூட்டம் தனி. அதைவிடக் கொடுமை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வரும் ‘நோம்’. ஈரக்காற்று பட்டுத் தரையும் சுவரும் வியர்க்கும். துவைத்த சட்டை நான்கு நாளானாலும் காயாது, பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கும். சைகோனில் வெயில், மழை என்று இரண்டே பருவம். மே முதல் நவம்பர் வரை மத்தியானத்துக்கு மேல் ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போகும், தெருவில் முழங்கால் தண்ணீர். பைக் ஓட்டிகளின் மழைக்கோட்டில் முன்விளக்குக்கு மட்டும் கண்ணாடி போல ஒரு ஜன்னல் வைத்திருப்பார்கள். அந்த மாதிரி ஒன்று வாங்கிவிட்டால் போதும்.

சைவக்காரர்களுக்கு ‘சாய்’ என்ற ஒரு சொல் உயிர்ச்சொல். அந்தப் பலகை தொங்கும் கடையில் மீன் சாறான ‘நுவோக் மாம்’ இருக்காது. மற்றக் கடைகளில் கீரைப் பொரியலில்கூட இருக்கும். சைகோனில் ‘சாய்’ கடைகள் சந்துக்குச் சந்து உண்டு. சந்திரக் கணக்கில் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் ஊரே சைவம் தேடி வருவதால் அன்று சீக்கிரம் போக வேண்டும். ஹனோயில் தேடித்தான் போக வேண்டும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு ஊரும் சொர்க்கம், அதில் தீர்ப்புச் சொல்லி யாரிடமும் வசவு வாங்க நான் தயாரில்லை.

ஊர் ஞாபகம் வந்தால் சைகோனில் போக ஓர் இடம் உண்டு. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். பிரெஞ்சு ஆட்சியில் வட்டிக்கடை நடத்த வந்த நகரத்தார், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அரசு வேலைக்கு வந்தவர்கள் என்று தமிழர் கூட்டம் இருந்த காலத்துக் கோயில். இன்று வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். கருவறைக்குப் பின்சுவரில் முகத்தைப் பதித்து மெதுவாக வேண்டிக்கொள்கிறார்கள்.

போக்குவரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹனோயில் 2021 முதல் மெட்ரோ, சைகோனில் 2024 டிசம்பர் முதல். இரண்டுமே உங்கள் சந்துக்கு வராது. செயலியில் கூப்பிடும் வாடகை பைக்கான கிராப்தான் கதி. சொந்தமாக ஓட்டினால் மது ஒரு சொட்டுகூடக் கூடாது, 2020இலிருந்து வரம்பு பூஜ்யம். சாலையைக் கடக்கும்போது சீராக நடந்துகொண்டே இருங்கள், பின்னால் மட்டும் நகராதீர்கள். பணத்தில் ஒரே எச்சரிக்கை: 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் நீலம். ராத்திரி அவசரத்தில் ஒரு முறை மாற்றிக் கொடுத்தவன் சொல்கிறேன்.

காகித விஷயத்தில் ஊர் பேதம் கிடையாது. 90 நாள் மின்விசா சுற்றுலாவுக்கு எளிதாகக் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான், சட்டத்தில் தன்னார்வலருக்கென்றே தனி வகை இருக்கிறது. அதற்கான தாளை எடுத்துத் தரும் நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். வீட்டுக்காரர் உங்கள் பெயரைக் காவல்துறையில் பதியவேண்டும். மறுப்பவர் வீடு வேண்டாம். தெத் புத்தாண்டு வாரத்தில் எந்த நிறுவனமும் திறந்திருக்காது, சைகோனில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

நீண்ட காலத்துக்கு ஹனோய்தான் என்று முடிவு செய்துவிட்டால் செப்டம்பர் கடைசியில் போய் இறங்குங்கள். வெக்கை தணிந்து, குளிர் வருவதற்கு இரண்டு மாதம் இருக்கும். அக்டோபர் இரவுகளில் ஏழிலைப்பாலை பூத்துத் தெருவெல்லாம் மணக்கும். முதல் நாள் ஆகா என்பீர்கள். மூன்றாம் நாள் ஜன்னலைச் சாத்திவிடுவீர்கள்.